அலரிநங்கை சூரை மீன் அளந்த செய்தி

ஓங்குதிரை சூழ் திரைமங்கலம் புரக்கும் ஆழிச்சேந்த மன்னர், பவளத்தீவின் பெருந்தேவி நித்திலக்கோமகளார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் தீவில் மழை பிழையாது பெய்க. தங்கள் படகுகள் பாரம் தாளாது மெல்ல ஊர்ந்து கரைசேர்க!

சென்ற ஆண்டு எம் கடலில் சூரை மீன் அருகியதைத் தாங்கள் அறிவீர்கள். கடலையே ஓராண்டு அடைத்துவிடலாம் என்றனர் அவையோர். அடைத்தால் தூண்டிலை நம்பிய பரதவர் அடுப்பும் அணையும். அப்போது எம் கடல்துறை அமைச்சர் அலரிநங்கை எழுந்து, எங்கே எவ்வளவு மீன், எந்த வளர்த்தியில் பிடிபடுகிறது என்று அறியாமல் விதிக்கும் தடை, நாடி பாராமல் கொடுக்கும் மருந்து என்று விண்ணப்பித்து, ஒரு பருவம் தவணை பெற்றார்.

பிடித்த மீனை அளக்க, கோடு கீறிய அளவுகோல்கள் படகுதோறும் தரப்பட்டன. அளவை வைத்து வரி விதியோம் என்று யாமும் வாக்களித்தோம். பரதவரோ நம்பாமல் மீனை ஒளித்தனர். அவர்தம் தலைவி வலம்புரியாள் அமைச்சரின் முகத்துக்கு நேரே, "இன்னைக்கு மீன அளப்பீக, நாளைக்கு எங்க அடுப்படிய அளப்பீக" என்றாள்.

அமைச்சரோ பட்டுடையை வரிந்துகட்டி அவள் படகிலேயே ஏறினார். முதல் சூரையை மடியில் கிடத்திக் கோலை வைத்தாரோ இல்லையோ, அது வாலால் ஓர் அறை அறைந்தது. மீனும் கோலும் அமைச்சருமாகக் கடலில் விழுந்தனர். தூக்கியெடுத்தபோது கோலைக் காணோம். மீன் மட்டும் அவர் அணைப்பிலேயே இருந்தது. உப்புநீரைத் துப்பியபடி அவர் கேட்ட முதல் வினா, "நீளம் என்ன?" என்பதே.

படகே குலுங்கச் சிரித்தது. "இந்தம்மா வரிக்கு வந்த ஆளில்ல, மீனுக்கு வந்த ஆளு!" என்று வலம்புரியாள் வேறொரு கோலெடுத்துத் தானே அளந்தாள்.

அன்று முதல் கரையில் அளத்தலே திருவிழாவாயிற்று. என் மீனே நெடியது என்று பூசலிட்டவர்கள் ஒளிக்க மறந்தனர். பருவ முடிவில் உண்மை தெளிந்தது: தென்திட்டில் படுபவை முட்டையிடாத குஞ்சுகள், வெளிநீரோட்டத்தில் படுபவையோ முதிர்ந்தவை, மிகுந்தவை. அதை உரைத்த அமைச்சர் அவை நடுவே கைகொட்டி ஆடினார். யாமும் அரியணை இறங்கி ஆடினோம். எம் செங்கோல் நழுவிச் சேனாபதியின் காலில் விழ, அவரும் ஆடினார். மகிழ்வாலோ வலியாலோ, யாம் வினவவில்லை.

ஆகவே கடல் அடைபடாது. தென்திட்டில் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும்வரை எவரும் தூண்டில் இறக்கலாகாது. வெளிநீரில் தூண்டில் இடலாம்; குஞ்சையும் சேர்த்து வாரும் வலை ஆகாது. அளக்காத மீன் சந்தை ஏறலாகாது. இஃது எம் ஆணை. எம் கடலில் வளர்ந்த சூரை தங்கள் கடலுக்கும் விருந்து வரும். எல்லைக்கல் அதற்குத் தெரியாது. ஆதலின், இவ்வோலையோடு வரும் கோல்களால் தங்கள் பரதவரும் அளந்து எமக்கு உரைத்தருள வேண்டுகிறோம்.

சங்கு முத்திரை இட்டோம். அமைச்சரின் கைச்சாத்து இல்லாமையைப் பொறுத்தருள்க: படகுகள் திரும்பும் ஆரவாரம் கேட்டதும், எழுத்தாணியை எம் கையில் திணித்துவிட்டுக் கரைக்கு ஓடிவிட்டார்.