எஸ்தருக்கு வாங்கிய நான்கு கத்திகள்

மே 11, திங்கள்

காலை எட்டு மணிக்கே முதுகு சுடுகிற வெயில். கடையில் முகூர்த்தக் கூட்டம். மதியம் வரை உட்காரவில்லை. எண்பது புடவையாவது பிரித்து மடித்திருப்பேன். கூட்டத்தில் ஒரு பெரியம்மா: "இது பட்டா, இல்ல பட்டு மாதிரியா?" தொட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். முப்பது வருஷமாக இதே வேலை.

புடவையில் ஏமாறாத நான் கத்தியில் மட்டும் தொடர்ந்து ஏமாறுகிறேன். இன்று நான்காவது வந்தது, ஆன்லைனில். கறுப்புப் பெட்டி, உள்ளே வெல்வெட், மூடியில் ஜப்பான் எழுத்து. கத்தியைவிடப் பெட்டிக்குத்தான் அதிகம் செலவழித்திருப்பார்கள் போல.

இதற்கு முன் வாங்கியவை, எழுதி வைத்தாலாவது புத்தி வரும்:

1. பஜாரில் வாங்கிய பல் வைத்த கத்தி, ஆரஞ்சுப் பிடி. கடையிலேயே கேரட் நறுக்கிப் பார்த்தேன். அருமை. வீட்டில் எஸ்தர் கையில் எல்லாம் கோணல்.

2. தேவிகாபுரம் போனபோது பட்டறையில் வாங்கிய இரும்புக் கத்தி. நல்ல கனம். மூன்றாம் நாள் பிடி தனி, கத்தி தனி.

3. பொருட்காட்சியில் வாங்கிய செட், ஒரு பெட்டியில் மூன்று. விற்றவன் ஆணியை அறுத்தான், அதே கத்தியால் தக்காளியைச் சீவினான். நானும் கைதட்டினேன். அவன் வாய்க்கு இருந்த கூர் கத்திக்கு இல்லை. மூன்றில் ஒன்று மட்டும் வெட்டும், அதுவும் கோணல்.

எஸ். (என் மனைவி எஸ்தர், முழுப் பெயர் எழுத நேரமில்லை) ஜனவரியில் பஸ் படியிலிருந்து விழுந்தாள். வலது மணிக்கட்டு. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் இன்னும் இறுக்கிப் பிடிக்கவில்லை. பிடி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அருவாமனைக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் இடது கையில் கத்தி.

பதினெட்டு வருஷம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலர். ஜூன் 1 பள்ளி திறப்பு. அமைப்பாளரம்மா போனில் நல்லவிதமாகத்தான் சொன்னார்: "எஸ்தரு, இருபத்தொம்பதாந்தேதி கூடத்துக்கு வந்து நறுக்கிக் காட்டிடு. அதுவரைக்கும் நான் ஒண்ணும் எழுத மாட்டேன். முடியலன்னா மேல எழுதித்தான் ஆவணும். பசங்க பசிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பதினெட்டு நாள் இருக்கிறது.

மே 12

ஜப்பான் கத்தி சோதனை. முதலில் நான். தக்காளியைச் சீவினால் பின்னால் இருக்கிற சுவர்க் காலண்டர் தெரிகிறது! கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று மேடையில் வைத்தேன். எஸ். எடுத்து உருளைக்கிழங்கில் வைத்தாள். துண்டின் ஒரு ஓரம் தடிப்பு, மறு ஓரம் காகிதம்.

"ஏங்க, இது ஓடுதுங்க."

"எங்க ஓடுது?"

"பக்கத்துல. நான் நேரா போறேன், இது கோணலா போவுது."

கோபம் வந்தது. போனை எடுத்து ஒரே ஒரு ஸ்டார் போட்டு, 'ஏமாற்று வேலை' என்று எழுதினேன். அவள் அந்தக் கோணல் துண்டுகளையே பொரியல் செய்துவிட்டாள். பொரியல் நன்றாகவே இருந்தது. இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

மே 15

மின்வெட்டு. தெருவில் பவர்லூம் சத்தம் நின்றதும் காதில் ஏதோ குறைகிற மாதிரி.

எஸ். ஐந்து மணிக்கே எழுந்து பீன்ஸ் நறுக்குகிறாள். தினம் அரைக்கிலோ. எங்கள் இருவருக்கு எதற்கு அரைக்கிலோ பீன்ஸ்? நான்கு நாளாக பீன்ஸ்தான் சாப்பாடு. கேட்கத் தைரியமில்லை.

இன்று வலது கட்டைவிரலில் வெட்டு. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலிருந்து: "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? ஊட்ல குந்திகினு இருக்கக் கூடாதா?"

எஸ்.: "குந்திட்டேன்னா அப்புறம் யாரு எழுப்புவாங்கக்கா?"

எனக்கு அந்த உறுதி கிடையாது. கை உடைந்தது நானாக இருந்தால் ஆறு மாதம் ஊருக்கெல்லாம் காட்டி அனுதாபம் வாங்கியிருப்பேன்.

மே 17, ஞாயிறு

ஆராதனையில் போதகர் எஸ். கைக்காக ஜெபித்தார். நான் மனசுக்குள் ஒரு நல்ல கத்திக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து, ஐந்தாவதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஜெர்மன் என்றேன். எஸ். நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாங்க. இந்த ஜப்பான் கத்திய எடுத்து நீங்க ஒரு உருளைக்கிழங்கு நறுக்குங்க."

நறுக்கினேன். நேர்.

"இப்ப அந்தக் கையால."

இடது கைக்கு மாற்றினேன். கோணல். மறுபடி. மறுபடியும் கோணல். அவள் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாருங்க. ஒரு பக்கம் சரிவா தீட்டிருக்கான், ஒரு பக்கம் தட்டையா உட்டுருக்கான். வலது கைக்குன்னு செஞ்சது. என் கையில எப்படி நேரா போவும்?"

பல் கத்தியை எடுத்துப் பார்த்தோம். அதுவும் அப்படியே. பொருட்காட்சிக் கத்தியும்.

நான்கு கத்தி. நான்கையும் வாங்குவதற்கு முன்போ, வந்தவுடனோ வெட்டிப் பார்த்தவன் நான். நான்கு முறையும் வலது கையால். வெட்டப்போவது அவள் இடது கை என்பது எனக்கு ஒருமுறைகூட உறைக்கவில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். உறைத்தது. முதல் கடையிலேயே 'இடது கைக்கு வேணும்' என்று நாக்கு வரை வந்தது. சொல்ல வெட்கம். பீச்சாங்கையால் சமைக்கிற வீடு என்று நினைத்துக்கொள்வார்களே. காலையில் அவள் நறுக்கும்போது தெருப் பக்கத்து ஜன்னலை நான் சாத்துவதும் அதனால்தான். கொசு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்காது.

மே 18

கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன். எஸ்.ஸும் வந்தாள். மார்க்கெட் ஓரம் சைக்கிளில் சாணை வைத்திருக்கும் பாய். நான்கையும் விரித்தோம். (பட்டறைக் கத்திக்குப் பிடி இல்லை, இருந்தாலும்.)

பாய் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவினார். "பல்லு வச்சத ஒண்ணும் பண்ண முடியாதும்மா. செட்டு வெறும் தகரம். இந்த ஜப்பான்தான் நல்ல இரும்பு. இன்னா செய்யணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ். சொன்னாள்: "எனக்கு இடது கை பாய். தட்டையா இருக்கிற பக்கமும் சரிவு வேணும். ரெண்டு பக்கமும் சமமா."

சாதாரணமாகச் சொன்னாள், வெங்காயம் அரைக்கிலோ என்கிற குரலில். பாயும் சாதாரணமாகத் தலையாட்டினார். நான் நான்கு மாதம் விழுங்கிய சொல் அவ்வளவுதான்.

வேலை செய்யும்போது பாயைப் பார்க்க வேண்டும். பெடல் மிதிக்கும் கால் ஒரு கணக்கில், கை வேறொரு கணக்கில். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, கத்தியை எஸ். கையில் கொடுத்து, அழுகல் கத்திரிக்காய் ஒன்றில் வெட்டச் சொல்வார். துண்டைப் பார்ப்பார். மறுபடி மிதிப்பார். ஐந்து தடவை. ஜல்தி என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். "ஜல்தின்னா பஜார்ல வாங்கிக்கோ சார்" என்றார். எனக்கு வேண்டியதுதான்.

ஆறாவது வெட்டு நேர்.

எஸ். முகத்தை எழுத வரவில்லை.

மே 19

அந்த ஒரு ஸ்டாரை எடுக்கலாமா என்று யோசித்தேன். பாதி நியாயம், பாதி என் தப்பு. கத்தியில் துருப்புள்ளி வேறு வந்திருக்கிறது, ஒரு வாரத்தில்! இரண்டு ஸ்டார் ஆக்கினேன்.

எஸ். துடைத்துக் கடலை எண்ணெய் தடவி வைக்கிறாள். ஜன்னலை இன்று சாத்தவில்லை. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். 

மே 24, ஞாயிறு

மழை வரும் போலிருந்து வரவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். செருப்பு தைக்க வேண்டும்.

ஒரு கிலோ வெங்காயம், இருபத்தாறு நிமிஷம். போன வாரம் நாற்பதுக்கு மேல். வலது கையை மடக்கி முஷ்டி மாதிரி வைத்து வெங்காயத்தை அமுக்குகிறாள். விரல் உள்ளே இருப்பதால் வெட்டுப் படாது. யாரும் சொல்லித் தரவில்லை, அவளே கண்டுபிடித்தது. நூற்றிருபது பிள்ளைகளுக்கு இது போதுமா? போதும் என்கிறாள். நான் தூங்காமல் கணக்குப் போடுகிறேன், அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

மே 29, வெள்ளி

மதியத்துக்கு மேல் லீவு. பள்ளிக் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றேன். கூடத்துக் கதவு திறந்திருந்தது, பேச்சு நன்றாகக் கேட்டது.

அமைப்பாளரம்மா, உதவியாளர் கன்னியம்மா, எஸ். கேரட், பீன்ஸ், வெங்காயம் ஒரு மூட்டையே வைத்திருந்தார்கள். பத்து நிமிஷம் கத்திச் சத்தம் மட்டும். நிற்காமல்.

பிறகு கன்னியம்மா குரல்: "அக்கா, தப்பா நெனச்சிக்காத. பீச்சாங்கைல நறுக்கினா பசங்களப் பெத்தவங்க எதனா கேப்பாங்களே."

 அதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதானே நான் ஜன்னலைச் சாத்தினேன்.

எஸ். கத்தியை நிறுத்தவே இல்லை. "கேக்கட்டும் கன்னிமா. ஆண்டவரு ரெண்டு கை குடுத்தாரு. ஒண்ணு லீவு போட்டுச்சு, இன்னொண்ணு டூட்டிக்கு வந்திருக்குது. சோறு வெந்துதா வேவலயான்னு மட்டும் கேக்கச் சொல்லு."

 கன்னியம்மாதான் முதலில் சிரித்தது. அமைப்பாளரம்மா சிரித்தாரா என்று தெரியவில்லை. கேரட் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாராம். "திங்கக்கிழம எட்டு மணிக்கு வந்துடு" என்றார், அது எனக்கே கேட்டது.

புளியமரத்தடியில் நின்று அழுதேன். கடலை விற்கிறவர் பார்த்துவிட்டு, "இன்னா சார், யாருனா தவறிட்டாங்களா?" என்றார். இல்லை என்று ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 1, திங்கள்

பள்ளி திறப்பு. எஸ். ஏழரைக்கே கிளம்பிவிட்டாள், கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு. கடையில் எனக்கு ஓட்டமில்லை. மஞ்சள் புடவை கேட்டவர்களுக்குப் பச்சையைக் காட்டினேன். முதலாளி முறைத்தார்.

மாலை ஆறு. எஸ். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாம்பார் சாதம், நூற்றிப்பதினாறு பிள்ளைகள், மிச்சமில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இன்னும் கொஞ்சம் கேட்டதைத் தவிர.

"கை வலிக்குதுங்க" என்றாள்.

தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு மாதப் பழக்கம், வலது கையைப் பிடித்தேன். அவள் அதை மெல்ல இழுத்துக்கொண்டு மற்ற கையை என் மடியில் வைத்தாள்.

"அது சும்மாதாங்க இருந்துச்சு. வேல செஞ்சது இது."