கேள்விக்குறிகள் போன நாள்

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஹட்டனில் நஸீர் நானாவின் மருந்துக் கடைக்கு விண்டோஸ் புரோகிராம் எழுதுகிறேன். மாத்திரை உறையில் ஒட்டும் லேபிள் தமிழில் வர வேண்டும். திரையில் 'காலை, இரவு' என்று அழகாகத் தெரியும். சேமித்துவிட்டு அச்சிட்டால் வெறும் கேள்விக்குறிகள். போன வாரம் ஆங்கில லேபிளைப் படிக்கத் தெரியாமல் ஒரு அக்கா இரவு மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதே மயங்கி விழுந்தார். அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

"மகள், இன்னைக்கும் சரிவரலன்னா இங்கிலீஷ்லயே விட்டுருவோம்" என்றார் நானா.

இத்தனை நாளும் பிரின்டரையும் எழுத்துருவையும்தான் சந்தேகப்பட்டேன். இன்று மதியம் தரவுத்தளத்தையே திறந்து பார்த்தேன். அங்கேயே கேள்விக்குறிகள்! லேபிள் வாசகத்தைச் சேமிக்கும் நெடுவரிசை ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் வகை. அதை எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூனிகோடுக்கு மாற்றினேன். பழையவை மீளவில்லை, எல்லாவற்றையும் மறுபடி தட்டினேன். அச்சிட்டேன். தமிழ்! கடை என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

முதல் லேபிள் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு. விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். "இரவு... சாப்பிட்ட பிறகு... ஒன்று." பிறகு பையைத் துழாவி ஒரு மருந்துப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கும் ஒண்ணு ஒட்டிக் குடு பாப்பா. இத எப்பக் குடிக்கிறதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

நானா போத்தலில் இருந்த ஆங்கில லேபிளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடிச்சுக் குடு மகள்."