சரியாக வராத பிரஷர்

அக்கா,

சனிக்கிழமை வகுப்பில் பிரஷர் கருவியின் பட்டியை விரித்தேன். பழைய றப்பர் மணம் வந்தது. உடனே உடையார்கட்டில் உங்கள் வீட்டு வேப்பநிழலும் பாயும் கண்ணுக்குள் வந்துவிட்டன. சுற்றுக் கிராமங்களிலிருந்து தாதியர் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இப்போது அந்த வகுப்பை நான்தான் நடத்துகிறேன்.

அன்று நான் செய்முறைப் பரீட்சையில் ஒருமுறை தவறியவள். மறுபடி தவறினால் படிப்பே போய்விடும். வகுப்பிலிருந்த ஒரேயொரு கருவியை ஒரு கிழமைக்கு என்னிடம் தந்தார்கள். பழகிப் பார்க்க ஒரு கை வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்கு வந்தேன். வயலால் வந்து கால் கழுவிய ஈரத்தோடு படுத்துக்கொண்டீர்கள்.

அந்த மத்தியானங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே மத்தியானமாகவே நினைவில் நிற்கின்றன. நீங்கள் பிறந்த மலைத் தோட்டத்துப் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கண்ணயர்வீர்கள். ஸ்டெதஸ்கோப்பில் உங்கள் இரத்தத்தின் சத்தம், எங்கோ தூரத்தில் யாரோ நெல் குத்துவதுபோல் கேட்கும். நானும் சொக்கிப்போவேன். பார்த்தால் நூற்றி எண்பது.

ஒவ்வொரு நாளும் அதேதான். பட்டியைப் பிழையாகக் கட்டுகிறேனோ, காதுதான் பிழையோ என்று அழுகை வந்தது. நீங்களும் கலங்கிவிட்டீர்கள்.

“ஒனக்குச் சரியா வரணும்னுதான் புள்ள அசையாம படுத்திருக்கேன். மூச்சக்கூட மெதுவாத்தான் விடுறேன்.”

“உங்களில பிழையில்லை அக்கா. என்ர கைதான் சரியில்லை.”

சுகமான ஆளுக்கு இருக்கவேண்டிய நூற்றி இருபதையே கொப்பியில் எழுதினேன். தலை கனக்குது என்று நீங்கள் சொன்னதை வெயில் என்று விட்டுவிட்டேன். நாள் முழுக்க வயலில் நிற்கிற உங்களுக்கு நோய், வருத்தம் இருக்கும் என்று தோன்றவேயில்லை. மடைச்சி நான்.

யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் தங்கிப் பரீட்சை. நான் அளந்த நோயாளியின் கையில், பரீட்சை வைத்த மிஸ்ஸும் அளந்து பார்த்தார். “சரியாத்தான் பாத்திருக்கிறீர்” என்றார். துள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். பரந்தன் சந்தியில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. என் கை சரியென்றால் அந்த நூற்றி எண்பதும் சரி.

வந்து சேர்ந்தபோது உங்கள் வாசலில் செத்தவீட்டுப் பந்தல் போட்டிருந்தது. இரண்டு நாளுக்கு முன் வரம்பில் விழுந்தீர்களாம். வாய் கோணி, பேச்சுக் குழறியபோதும், பரீட்சை முடியும்வரை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னீர்களாம். அதைக் கேட்டு நான் அழுத அழுகை இன்னும் முடியவில்லை, அக்கா.

இப்போதும் எண் கூடிவந்தால் பிள்ளைகள் தங்கள் பிழை என்றுதான் முகம் சுருங்குகிறார்கள். நான் உடனே அவர்கள் கையைத் திருத்தப் போவதில்லை; சொல்வது இதைத்தான்.

“முதல்ல ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்கட கையைப் பிறகு பாப்பம்.”