மோதலுக்குப் பிறகு வரும் சிக்கல்

மார்ச் 3, திங்கள்

பெனர் அச்சாகி வந்துவிட்டது. கடைக்கு முன்னால் ஒன்று, கூட்டம் நடக்கும் ஊர் மண்டப வாசலில் ஒன்று கட்டினேன். டயர் கடைக்காரனுக்கு இப்படியொரு மகளா என்று ஊர் பார்க்கட்டும்.

அனுஷியா அடுத்த வாரம் ஜெர்மனிக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறாள். என்ன படிக்கிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஓ.எல். பரீட்சைக் கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவன் நான். போவதற்கு முன் ஒருதரமாவது தமிழில் சொல்லம்மா என்று கெஞ்சித்தான் சனிக்கிழமை கூட்டம்.

அவள் எழுதித் தந்த தலைப்பு: ‘துணிக்கைகள் மோதிச் சிதறும்போது உண்டாகும் சொட்டுச் சிக்கல்.’ துணிக்கை என்றால் புடவைக் கடை மலிவு விற்பனை என்று நினைப்பார்கள். சொட்டு என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொட்டு மருந்துக்கு வருவார்கள். இரண்டையும் வெட்டினேன். ‘மோதலுக்குப் பிறகு வரும் சிக்கல்.’ என்ன எடுப்பு!

மார்ச் 4, செவ்வாய்

மண்டபம் இல்லையாம்! மண்டபக் கமிட்டிச் செயலாளர் சுந்தரலிங்கம் போனில் சொல்கிறான்.

“எந்த மோதலுக்குப் பிறகுங்க? யுத்தம் முடிஞ்சு எத்தன வருசம், இப்ப எதுக்கு இந்தக் கத? யாராச்சும் வந்து வெசாரிச்சா நான்ல பதில் சொல்லணும்?”

“யோவ், அது படிப்புய்யா!”

“என்னா படிப்பு? சொல்லுங்க.”

தெரிந்தால்தானே சொல்ல! அதனால் கத்தினேன். அவனையும் அவன் கமிட்டியையும் அந்த மண்டபத்துத் தகரக் கூரையையும் சேர்த்துத் திட்டினேன். வைத்துவிட்டான். இரத்தம் கொதிக்கிறது. என் பிள்ளை என்ன குண்டா வைக்கப் போகிறாள்?

மார்ச் 5, புதன்

அனுஷியா பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து வந்தாள். பெனரைப் பார்த்தாள்.

“அப்பா, துணிக்கை எங்க? சொட்டு எங்க? அணுவவிடச் சின்னது துணிக்கை, குவாண்டத்துக்குத் தமிழ்ல சொட்டு!”

“நீளமா இருந்துச்சும்மா…”

“நாட்டு நெலமயப் பத்தியா நான் பேசப்போறேன்? மண்டபத்த நீங்களேதான் மூடிட்டீங்க.”

கதவை அடித்துச் சாத்தினாள். என் கோபம்தான், அச்சு அசல். சாப்பிடவில்லை. அவளுடைய அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் சோறு இறங்கவில்லை. சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் கேட்காமல் பூட்டுப் போட்டவன் யோக்கியனா? முதன்முதலில் இதற்குச் சொட்டு என்று பெயர் வைத்தவன் யார்? கையில் கிடைத்தால்…

மார்ச் 6, வியாழன்

அனுஷியா கதவைச் சாத்தியபடியே இருக்கிறாள். நான் இன்று ஓட்டையே இல்லாத டியூபுக்கு ஒட்டுப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் நானே போய்க் கேட்டேன். “சுந்தரலிங்கத்துக்கு என்னான்னு சொல்றது? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு.”

முறைத்தாள். பிறகு மேசையில் கிடந்த சில்லு மாட்டும் நட்டுகள் இரண்டை முட்ட வைத்தாள். “இதுங்கதான் துணிக்கைன்னு வைங்க. முட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணோட நெலம அததுக்கு. முட்டிப் பிரிஞ்ச பிறகு ரெண்டுக்கும் சேத்துத்தான் ஒரு நெலம. ஒண்ண மட்டும் பாத்தா முழு வெவரம் கெடைக்காது. அந்தப் பிணைப்புத்தான் சிக்கல்.”

“ஒண்ணுக்கொண்ணு போன் பேசிக்குமா?”

“இல்லப்பா. செய்தி ஒண்ணும் போகாது.”

மறப்பதற்குள் திரீவீலரில் ஓடினேன். ஒரே மூச்சில் ஒப்பித்தேன். சுந்தரலிங்கம் யோசித்தான். “அப்ப இதுல கட்சி ஒண்ணும் இல்ல?”

“துணிக்கைக்கு ஏதுய்யா கட்சி!”

“அத மொதல்லயே எழுதித் தொலைக்கிறதுக்கென்ன? பெனரக் கழட்டுங்க. சாவி தர்றேன்.”

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். பெனரைக் கழற்றச் சொன்னதற்கு ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

கூட்டம் கொஞ்சம்தான். சுந்தரலிங்கம் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, காவல்காரன் மாதிரி. பிள்ளை நன்றாகப் பேசினாள் என்றுதான் நினைக்கிறேன். கேள்வி இருக்கிறதா என்றாள். எல்லாரும் தகரக் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்தேன்.

“முட்டாமலே நேரா போயிட்டா?”

பலகையில் எழுதும் சோக்கட்டியைக் கையில் எடுத்தாள். “அதையும் சேத்துத்தான் எழுதணும்ப்பா. முட்டினது, முட்டாமப் போனது, ரெண்டும் ஒரே கணக்குக்குள்ள.” பலகை நிறைய எழுதினாள். நான் பெரிதாகத் தலையாட்டினேன்.

“அப்பா, சும்மா தலைய ஆட்டாதீங்க. வெளங்குதா, இல்லையா?”

சுந்தரலிங்கம் திரும்பிப் பார்த்தான். ஊரே பார்த்தது.

“வெளங்கல.”

பலகையை அழித்தாள். முதலிலிருந்து தொடங்கினாள்.