பாதியில் நின்ற வில்

இன்று அலமாரியை ஒழிக்கும்போது பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் ஊறிக் காய்ந்த நாணலின் வாடை. ஊதுவதற்கு முன் ஓபோ என்ற என் மேல்நாட்டுக் குழலின் சீவாளியைத் தண்ணீரில் நனைத்துவைத்த டப்பா அது. “உன் பக்கத்துல மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான்டி நிக்கணும்” என்பாய். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில், பரோக் காலத்துப் பழைய மேற்கத்தியக் கான்செர்ட்டோ ஒன்றுக்கு வாரா வாரம் ஒத்திகை பார்த்தோம். முன்னால் தனியாக வாசிக்க உன் வயலினும் என் ஓபோவும். பின்னால் பத்துப் பேர். லிங்கராஜபுரத்திலிருந்து வயலினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாய். நீ கணக்கு டீச்சர், தாள எண்ணிக்கை உனக்குத் தப்பியதே இல்லை. நான் எண்ணவே மாட்டேன். மெதுவான பகுதியில் நான் தொடங்க வேண்டும், அதற்குப் பதில் போல நீ வாசிக்க வேண்டும். என் இடம் வந்ததும் நீ மூக்கால் ஒரு மூச்சை இழுப்பாய். அதைக் கேட்டு நானும் இழுத்து ஊதிவிடுவேன்.

கடைசி ஒத்திகையில் எனக்கு என்ன வந்ததோ. “ஸ்வல்ப மூக்கை உறிஞ்சாம வாசிக்கிறியா? ஹால் முழுக்கக் கேக்குது” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பின்வரிசையில் சிரித்தார்கள். “சரிம்மா, இனிமே கேக்காது” என்றாய். உன் முகம் சுண்டிப்போயிருந்தது.

கச்சேரியில் கேட்கவில்லை. அந்த மூச்சு வராமல் நான் நாலு எண்ணிக்கை பிந்தி நுழைந்தேன். அதற்குள் நீ உன் பதிலை ஆரம்பித்துவிட்டாய். இருவரும் முட்டிக்கொள்ளப்போகிறோம் என்று தெரிந்ததும் வில்லைத் தூக்கி நிறுத்தினாய், எனக்காகக் காத்திருந்து சேர்ந்துகொண்டாய். கேட்டவர்களுக்கு ஓபோ ஒழுங்காகத்தான் போயிற்று. வயலின்தான் பாதியில் நின்றது.

எங்களை நடத்திய மாஸ்டர், “என்னம்மா, கணக்கு டீச்சரே எண்ணாம விட்டுட்டியே?” என்று உன்னைக் கேட்டார். நான் ஓபோவுக்குள் துணியை விட்டு ஈரத்தைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம் “ஸாரி சார்” என்றாய். அடுத்த கிறிஸ்துமஸ் கச்சேரியில் தனி வயலினுக்கு வேறொரு பெண். ஒரு வருடத்துக்குள் நீ வாசிப்பதையே விட்டுவிட்டாய்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஏன்டி வாயைத் திறக்கவில்லை? ஒரே ஒரு முறை, பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, “நீயா சொல்லுவேன்னு பாத்தேன்” என்றாய். நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். இவ்வளவு கோழையாகவா இருந்தேன்!

உன் நினைவுக் கூட்டத்தில் மாஸ்டர் அந்தக் கதையை எடுத்தார், அன்பாகத்தான். “கணக்கு டீச்சர்தான். ஆனா ஒரே ஒரு நாள் எண்ணிக்கையில கோட்டை விட்டுட்டா.” அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“நெஜமாவா ஆன்ட்டி? அம்மாவா தப்பு பண்ணாங்க?”

“ஆமாம்மா” என்றேன்.

உன் மகளின் ஃபோன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இருந்தும் இதையெல்லாம் உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், முதலிலிருந்தே எல்லாம் தெரிந்த உனக்கு.