மிக்கேல் சம்மனசின் இரண்டாம் பாகம்

ஆகஸ்ட் 30, 2009

என் ஞானமகன் வில்பெர் என்னைக் கொலைகாரனாக்கிவிட்டான். என்னை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். அதிதூதர் மிக்கேலையே ஆக்கிவிட்டான்.

இன்று நகராட்சிக் கூடத்தில் அவனுடைய பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம் போட்டார்கள். முதல் பாகத்தில் நான்தான் மிக்கேல். பசாசை மிதித்தேன், சனங்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இதில் வானதூதர்களான சம்மனசுகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கின்றன. அடித்துக்கொள்ளட்டும். அட்டையில் கோழி இறகு ஒட்டிய சிறகு, பீட்ரூட் சாற்று ரத்தம் — அதையும் விட்டுத்தள்ளு. கடைசியில் மிக்கேல் வாளை ஓங்குகிறார். காலடியில் ரொட்டிக்கார எடில்பெர்த்தா, "வேணாம் சாமி" என்று கெஞ்சுகிறாள். வெட்டுகிறார். முகம் என் முகம்.

படம்பிடித்த அன்று அவள் அங்கே இல்லவே இல்லை! வெறும் தரை. "கீழ பசாசு கெடக்குது ஞானப்பா, ஓங்கி வெட்டுங்க" என்றான். வெட்டினேன். அவளைத் தனியாகப் படம்பிடித்து ஒட்டியிருக்கிறான்.

ஆகஸ்ட் 31

வில்பெரிடம் போய்க் கத்தினேன். "பசாசப் பாத்து இப்ப யாரு ஞானப்பா பயப்படுறா? சம்மனசு கெட்டுப்போனாத்தான் சனம் நடுங்கும்."

ஞானஸ்நானத்தன்று இவனைத் தாங்கிப் பிடித்த கை இது. விட்டிருக்கலாமோ?

செப்டம்பர் 3

ஒரு குழந்தை என்னைக் கண்டு தாயின் பாவாடைக்குள் ஒளிந்தது.

செப்டம்பர் 6

29-ம் தேதி மிக்கேல் திருவிழா. இருபத்தாறு வருடமாக ஊர்வலத்தில் மிக்கேல் வேடம் எனக்குத்தான். திருவிழாக் குழுத் தலைவி பசிலியா வந்தாள். "இந்த வருசம் வேற ஆளு போடட்டும் தோன் மெலித்தோன். புள்ளைங்க அழுவுது."

வேறு ஆளா! மார்க்கவசத் தகரத்தை அடித்தவன் யார்? வாள் யாருடையது? தரமாட்டேன். செத்தாலும் தரமாட்டேன்.

செப்டம்பர் 8

எனக்காகப் பேசுவாள் என்று எடில்பெர்த்தாவிடம் போனேன். அவளுக்கு ஒரே குஷி.

"நல்லா செத்தேன்ல? என் தங்கச்சி படத்தப் பாத்துட்டு அயாகுச்சோ டவுனுலேருந்து போன் போட்டு அழுதா!"

"ஒன்ன நான் வெட்டல எடில்பெர்த்தா. பசாசத்தான் வெட்டுனேன்."

"பாத்தீங்களா பசாச?"

"வில்பெர் சொன்னான்."

ரொட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "என் புருசனையும் அப்படித்தான். இவன்தான்னு எவனோ கை காட்டுனான். வெட்டுனவன் குனிஞ்சு பாக்கல."

எண்பத்துநான்கில் நடந்தது, கெரில்லாக்களும் ராணுவமும் மாறி மாறி ஊருக்குள் புகுந்து ஆளை வெட்டிய வருடம். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அதைப் பேசியதில்லை. இரண்டு ரொட்டியைக் கையில் திணித்தாள். இன்னும் மேசையில் இருக்கிறது.

செப்டம்பர் 9

தப்பு வில்பெருடையதுதான். அவன்தான் பொய் சொன்னான். நான் —

செப்டம்பர் 13

வில்பெரிடம் சொல்லிவிட்டேன்: "முடிவ மாத்தி எடு."

"படத்தோட சிடி சந்தைக்கு வந்துருச்சு ஞானப்பா!"

"திருவிழாவுக்கு முந்தி ஊருக்குப் புதுசப் போட்டுக் காட்டு. இல்லேன்னா ஒன் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனா வேற எவனாவது நிக்கட்டும்."

சரி என்று கேமராப் பையை எடுத்தான். ரொட்டிக் கடையில் போய்ச் சொன்னதும் எடில்பெர்த்தா கேட்டாள்: "மறுபடி சாவணுமா?"

"வேணாம்."

"அட, போங்க!"

செப்டம்பர் 19

நாளை பூசை முடிந்ததும் படப்பிடிப்பு.

வில்பெர்: என்னையும் எடில்பெர்த்தாவையும் ஒன்றாக நிறுத்திப் படம்பிடிப்பது. ஒட்டுவேலை கூடாது.

எடில்பெர்த்தா: தரையில் கிடப்பது. சிரிக்கக்கூடாது.

பசிலியா: 27-ம் தேதி சதுக்கத்தில் வெள்ளைத் துணி கட்டி, குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைப்பது. வேடம் யாருக்கு என்று அதற்குப் பிறகு சொல்லட்டும். வேறு ஆளுக்கு என்றால் வாளைத் தந்துவிடுவேன்.

நான்: வாளை ஓங்குவது. குனிந்து பார்ப்பது.