கீழ்வீட்டைத் தண்ணீருக்கு விட்டோம்

ஜூன் 4
இன்று மூன்று வீட்டில் வேலை. மூன்றிலும் ஒரே வேலைதான். முழங்கால் உயரத்து பிளக் பாயிண்டுகளைக் கழற்றித் தோள் உயரத்துக்கு ஏற்றினேன். பத்து வருஷத்துக்கு ஒருமுறை தெருவுக்குள் வந்த ஆறு இப்போதெல்லாம் வருஷம் தவறுவதில்லை. ஊருக்கெல்லாம் ஏற்றியாயிற்று. எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் அண்ணன்தான் அசையமாட்டேன் என்கிறார்.

"இப்பதான் பெயின்ட் அடிச்சேன். சுவத்துல கை வச்சே, பார்த்துக்க!"

ஜூன் 19
மறுபடி கேட்டேன். அதே பதில். அண்ணி படிக்கட்டு வரை வந்து, "அவர் வேலைக்குப் போயிருக்கப்ப செஞ்சிடுங்களேன்" என்றார். அவருக்குத் தெரியாமல் செய்வது சரியில்லை என்றேன். சரியாகத்தான் சொன்னேனா?

ஆகஸ்ட் 2
விடாத மழை.

ஆகஸ்ட் 3
காலை ஏழு மணிக்குத் தண்ணீர் கீழ்வீட்டுக்குள் ஏறிவிட்டது. மெயினை அணைக்க ஓடினேன். அதற்குள் அண்ணன் ஃப்ரிட்ஜைத் தூக்கப் போயிருக்கிறார், பிளக்கைக்கூடப் பிடுங்காமல். "தொடாதீங்கண்ணா!" — கத்தினேனா, கத்த நினைத்தேனா, தெரியவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பினால் சுவரோரம் சரிந்து கிடக்கிறார்.

அண்ணி என் சட்டையைப் பிடித்தார். "அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல?"

ஆமா. செஞ்சிருக்கலாம்.

ஆகஸ்ட் 4
பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஃப்ரிட்ஜ் போச்சாடா?"

ஆகஸ்ட் 17
அண்ணன் குடும்பம் மேல்வீட்டில் எங்களோடு. ஏழு பேருக்கு ஒரே குளியலறை. என் மனைவி நேரம் பிரித்துக் கதவில் ஒட்டிவிட்டாள். அண்ணி எல்லாரிடமும் பேசுகிறார், என்னிடம் தவிர.

செப்டம்பர் 6
அண்ணன் தானாகவே வந்தார். "கீழ எல்லாத்தையும் மேல ஏத்திடுடா."

இத்தனை நாள் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் இந்தமுறை தண்ணீர் தோளையும் தாண்டி நின்றிருக்கிறது. சுவரில் கறையைக் காட்டினேன். "இனி அங்க குடியிருக்க வேணாம்ணா. தண்ணிக்கே விட்டுடுவோம். மொட்டை மாடில உங்களுக்கு ரெண்டு ரூம் கட்டிக்கலாம்."

அந்தக் கறையைத் தடவிப் பார்த்தார். நான் பிறந்த வீடு. அவருக்குக் கல்யாணம் நடந்த வீடு. கடைசியில், "ஜன்னலெல்லாம் நல்ல மரம். கழட்டி மேல வச்சுக்குவோம்" என்றார்.

அக்டோபர் 21
கீழ்வீட்டுக் கரண்டைத் துண்டித்தேன். கடைசி ஒயரை அண்ணன்தான் சுருட்டினார், இடது கையால்.

நவம்பர் 12
மறுபடியும் வெள்ளம். கீழ்வீட்டின் முன்வாசல் வழியாக நுழைந்து பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் ஓடவில்லை. மேலே எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணிதான் பரிமாறினார். என் தட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

போடுங்க அண்ணி என்றேன். பசியில்லை. இருந்தாலும் சாப்பிட்டேன்.